ரயில் படத்தில் எங்கே கோளாறு? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

‘ஷார்ப்பா இல்லை’, ‘லைட் சரியில்லை’, ‘என்னமோ இடிக்குது’. ரயில் படங்களை அலசும்போது பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றோடு நின்றுவிடுகிறது. எடுத்தவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதா, லென்ஸை மாற்றுவதா, வேறு மாதத்தில் போய் நிற்பதா? ஒன்றும் பிடிபடாது. ஆனால் காரணம் அநேகமாகப் படத்திலேயே பதிந்திருக்கும். தண்டவாளத்து ஜல்லி, பக்கத்து மின்கம்பம், தரையில் விழுந்த நிழல், இவை மூன்றும் சாட்சிகள். சாட்சியைக் காட்டிக் குறை சொன்னால் எடுத்தவரே தலையாட்டுவார்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடுங்கும் காரணம் கடைசியில் வருகிறது.

முதலில்: இரண்டு படங்களை ஒப்பிடும்போது ஒன்று ‘தூக்கலாக’ தெரிகிறது

பிரகாசமான படமும் பெரிய படமும் முதல் பார்வையில் ஜெயித்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே அகலத்துக்கு, உதாரணமாக 2000 பிக்சலுக்கு, சுருக்குங்கள். நடுத்தரச் சாம்பல் பின்னணியில் வையுங்கள். திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்திருந்தால் குறையுங்கள். எடிட்டிங்குக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (திரை வெளிச்சத்தின் அளவு) போதும். கடைவிளக்கு மாதிரி எரியும் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும்.

100 சதவீதப் பெரிதாக்கத்தில் ஒப்பிடுவது இன்னொரு பொறி. 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். 45 மெகாபிக்சல் படம் 8256. ஒரே நடுக்கம் முதல் படத்தில் 5 பிக்சல் என்றால் இரண்டாவதில் கிட்டத்தட்ட 7. விலை கூடிய கேமராவின் படம் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அளவைச் சமப்படுத்திவிட்டு அப்புறம் வாதாடுங்கள்.

ஒரு படம் மட்டும் வெளிறி, சாயம் போனதுபோல் இருந்தால் கோப்பின் கலர் ப்ரொஃபைலை, அதாவது நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை, பாருங்கள். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படத்தை ப்ரொஃபைலைக் கண்டுகொள்ளாத மென்பொருள் இப்படித்தான் காட்டும். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது. எஸ்ஆர்ஜிபி படங்களுமே ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு நிறமாக வந்தால் மட்டும் திரையை அளக்கும் கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

அறிகுறி: எஞ்சின் முகம் மங்கல்

அதிகம் வரும் புகார் இது. ஒரே மாதிரித் தெரியும் மங்கலுக்கு ஐந்தாறு காரணங்கள் உண்டு, மருந்தும் வேறு வேறு. முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. கீழே ஜல்லியைப் பாருங்கள். படத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி ஜல்லிக் கற்களைத் தொடர்ந்தால், எந்த இடத்தில் கற்களின் விளிம்பு ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிகிறதோ அங்கேதான் ஃபோகஸ் விழுந்திருக்கிறது.

*முகத்துக்கு நேர் கீழே ஜல்லி தெளிவு, முகம் மட்டும் இழுபட்டிருக்கிறது.* ஃபோகஸ் சரி, ஷட்டர் போதவில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் 1/500 நொடியில் 5.6 செ.மீ. நகரும், 1/1000 நொடியில் 2.8 செ.மீ.; 1/2000 நொடியில் 1.4 செ.மீ. 20 மீட்டர் எஞ்சின் பக்கவாட்டில் 4000 பிக்சல் அகலத்துக்கு நிறைந்திருந்தால் ஒரு பிக்சலுக்கு 5 மி.மீ. அப்படியானால் 1/1000இலும் 5 பிக்சலுக்கு மேல் இழுபடும். பக்கத் தோற்றத்துக்கு 1/2000க்குக் குறையாதீர்கள். அதே ரயில் உங்களை நோக்கி வந்து, பார்வைக்கோட்டுக்கும் பாதைக்கும் இடையே 15 டிகிரிதான் இருந்தால், குறுக்கு நகர்வு கால்பங்காகக் குறையும். அங்கே 1/1000 தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறிப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

*முகத்துக்குப் பின்னால் உள்ள ஜல்லி தெளிவு.* ரயில் ஃபோகஸை முந்திக்கொண்டது. ஒற்றை ஃபோகஸில் விட்டிருந்தால் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். ஃபோகஸ் புள்ளியை முகத்தின் விளிம்பிலோ எண் பலகையிலோ வையுங்கள். ஹெட்லைட் மேல் வைக்காதீர்கள், எரியும் விளக்கில் பிடிமானம் நழுவும். இதுவும் சரிவரவில்லையென்றால் பழைய முறையே நம்பகமானது: ரயில் வரும் முன்பே, முகம் எந்த இடத்துக்கு வரும்போது அழுத்தப் போகிறீர்களோ அந்த ஸ்லீப்பரில் (தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுக்குக் கட்டை) ஃபோகஸ் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றி விடுங்கள்.

*முகத்துக்கு முன்னால் உள்ள ஜல்லி தெளிவு.* அழுத்த அவசரப்பட்டிருக்கிறீர்கள், அல்லது வேலிப் புல்லில் ஃபோகஸ் மாட்டிக்கொண்டது. ரயில் நகராமல் நிற்கும்போதும், வேறு இடத்திலும், ஒவ்வொரு முறையும் இதே அளவு முன்னே விழுகிறது என்றால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. முக்காலியில் வைத்து, சுவரில் ஒட்டிய எழுத்துத் தாளைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் பலவற்றில் மெனுவிலேயே நுண்திருத்தம் இருக்கும். திருத்தத்தின் எல்லை வரை போயும் சரியாகாவிட்டால் இரண்டையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

*எங்குமே ஜல்லி தெளிவில்லை. எல்லா விளிம்பும் ஒரே திசையில் இரட்டை.* கை ஆடியிருக்கிறது. ரயில் நெருங்கும்போது பிளாட்பாரமே அதிரும், முக்காலியும் காப்பாற்றாது. ஷட்டரை ஏற்றுங்கள். ரயிலோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுக்கும்போது ஆட்டத்தடுப்பு குழம்பலாம். அதற்கென்று தனி மோடு இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் அணையுங்கள்.

*எங்குமே தெளிவில்லை, இழுப்பும் இல்லை, நீரில் தெரிவதுபோல் அலை.* கானல். வெயிலில் காய்ந்த ஜல்லியும் தண்டவாளமும் மேலே உள்ள காற்றைக் கலக்குகின்றன. சோதனை எளிது: தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களைப் புரட்டினால், தெளிவான இடம் படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருக்கும். லென்ஸில் கோளாறு என்றால் அப்படி இடம் மாறாது. இதற்குச் சர்வீஸும் இல்லை, புது லென்ஸும் இல்லை. காலையில் போங்கள், தூரத்தைக் குறையுங்கள், கொஞ்சம் உயரத்தில் நில்லுங்கள். கானலில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ‘இந்த 600 மி.மீ. லென்ஸ் சரியில்லை’ என்று விற்றுவிட்டுப் பின்னால் வருந்துவோர் நிறைய.

*ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல்.* செங்கல் சுவரை நேராக எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை எடுங்கள். மங்கல் சுவரின் எதிர்ப்பக்கத்துக்குப் போனால், லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது. இதை வீட்டில் திறக்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது இந்த இரண்டு படங்களையும் கொண்டுபோனால், ‘ஒன்றும் இல்லையே’ என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அறிகுறி: ரயில் சாய்ந்து நிற்கிறது

‘படம் கோணல், நேர் பண்ணு’ என்று சொல்லும் முன் கம்பத்தைப் பாருங்கள்.

கம்பமும் ரயிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கேமராதான் சாய்ந்தது. சுழற்றி நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது படத்தின் நடுவில் இருக்கும் கம்பத்தையோ கட்டட விளிம்பையோ அளவாக வையுங்கள்.

கம்பங்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்தால் கேமரா மேல்நோக்கியிருக்கிறது. சாஃப்ட்வேரில் செங்குத்துத் திருத்தம் செய்தால் போதும். ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும்; எடுக்கும்போதே இடம் விடாதவர்களுக்குப் பெட்டியின் வால் போய்விடும்.

கம்பம் நேர், ரயில் மட்டும் வளைவில் உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது கோளாறே இல்லை. வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தித்தான் போடுவார்கள். தண்டவாள இடைவெளி 1435 மி.மீ. உள்ள பாதையில் 150 மி.மீ. உயர்த்தினால் வண்டி ஏறக்குறைய 6 டிகிரி சாயும். இதை ‘நிமிர்த்தி’ அனுப்பிய படங்களில் வீடும் மரமும் கவிழ்ந்து கிடக்கும். இந்தத் திருத்தத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கம்பம் நேர், பாதையும் நேர், ரயிலின் கதவும் ஜன்னலும் மட்டும் சரிந்திருந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரின் வேலை. சென்சாரை மேலிருந்து கீழாகப் படிக்க 1/20 நொடி எடுக்கும் கேமராவில், 100 கி.மீ. வேக ரயில் அதற்குள் 1.4 மீட்டர் ஓடிவிடும். எஞ்சின் படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், கூரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான சரிவு. ஷட்டர் வேகத்தை 1/8000க்கு ஏற்றினாலும் இது மாறாது. பலர் தடுமாறுவது இங்கேதான். மெனுவில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், செலவு இல்லை. மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத கேமரா, பெரும்பாலான கைப்பேசிகள் இதில் அடக்கம், என்றால் முகமும் பக்கமும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணத்திலோ நேரெதிரிலோ எடுங்கள். சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு குறையும். வேறு கேமரா வாங்குவது கடைசி வழி.

அறிகுறி: பக்கம் பளிச், முகம் இருட்டு (அல்லது எதிராக)

தரையில் நிழலைப் பாருங்கள். கம்பத்தின் நிழல் உங்களை நோக்கி வந்தால் வெயிலை எதிர்த்து நின்றிருக்கிறீர்கள். நிழல் பாதைக்குக் குறுக்கே நேராக விழுந்தால் பக்கம் மட்டும் வெளிச்சம் வாங்கும், முகம் வாங்காது. முகமும் பக்கமும் சேர்ந்து ஒளிர வேண்டுமானால் நிழல் பாதையைச் சாய்வாக வெட்ட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ போனாலே போதும்.

போகி (பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரச் சட்டகம்), சக்கரம் எல்லாம் கரும்பட்டையாக இருந்தால் சூரியன் உச்சியில் இருந்திருக்கிறது. பெட்டியின் உடல் தன் அடிப்பகுதியின் மேலேயே நிழல் போடுகிறது. ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு) நிழலை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் தூக்கலாம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. அதற்கு மேல் தூக்கினால் கருப்பு சாம்பலாகும், புள்ளி கிளம்பும்.

எந்த நேரம் போனாலும் அந்தப் பக்கம் இருட்டுதான் என்றால் பருவம் காரணம். வெப்பமண்டலத்துக்கு வடக்கே, கிழக்கு மேற்காக ஓடும் பாதையின் வடபக்கத்தில் குளிர்காலம் முழுக்க வெயில் விழாது. பாதையின் மறுபக்கத்தில் நிற்க அனுமதியுள்ள இடம் தேடுங்கள், அல்லது மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மொத்தப் படமும் இருட்டாகவோ வெளுத்தோ வந்தால் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாந்திருக்கிறது. கரிய நீராவி எஞ்சின் படத்தை நிறைத்தால் மீட்டர் கூட வெளிச்சம் கொடுத்து ஆவியை வெளுக்க வைக்கும். அந்தி நேரத்தில் ஹெட்லைட் நுழைந்தால் எதிராக நடந்து, மற்றதெல்லாம் கறுத்துப் போகும். இரண்டுக்கும் ஒரே மருந்து: ரயில் வருமுன் அதே வெயிலில் இருக்கும் ஜல்லியை அளந்து மேனுவலில் பூட்டிவிடுங்கள். வெள்ளை ஆவி நிறைய வரும் என்று தெரிந்தால் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஹெட்லைட்டும் பலகையும் படுத்தும் பாடு

வானத்திலோ மரத்திலோ ஹெட்லைட்டின் நகல் போல மூன்று சிறு புள்ளிகள் இருக்கின்றனவா? படத்தின் மையத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரு ஹெட்லைட்டிலிருந்து மையம் வழியாகக் கோடு இழுங்கள். மறுபக்கம் அதே தூரத்தில் நகல் இருந்தால், தலைகீழாகவும் இருந்தால், லென்ஸ் முன்னால் மாட்டிய பாதுகாப்பு ஃபில்டர்தான் காரணம். கழற்றுங்கள், முடிந்தது. கழற்றிய பிறகும் பச்சை, ஊதா வட்டங்கள் வரிசையாக வந்தால் லென்ஸின் சொந்தப் பிரதிபலிப்பு; கோணத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

விளக்கைச் சுற்றிப் பால் போல் படர்ந்தால் முன் கண்ணாடியில் கைரேகை இருக்கும், துடையுங்கள். துடைத்தும் போகவில்லையா? பின்பக்கம் வழியாக டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சை. மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வைத்து உடனே சர்வீஸுக்கு அனுப்புங்கள். நாளானால் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும்.

எல்இடி ஊர்ப்பெயர்ப் பலகை பாதிதான் எரிகிறதா? பலகை கெட்டுப்போகவில்லை. எழுத்துகளை வரி வரியாக அணைத்து ஏற்றிக்கொண்டே இருப்பதால் 1/1000இல் சில வரிகள் மட்டும் மாட்டும். நின்றிருக்கும் ரயிலுக்கு 1/60. ஓடும் ரயிலுக்கு இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும்: பலகை முழுதாக வேண்டுமென்றால் நேரெதிரில் நின்று 1/125 முயலுங்கள், அல்லது முகம் தெளிவாக இருக்கட்டும் என்று பலகையை விட்டுவிடுங்கள். பலகைக்காக முகத்தை மங்கலாக்கிய படத்தை யாரும் பாராட்டுவதில்லை.

இரவு நிலையப் படங்களில் குறுக்குப் பட்டைகள் வந்தால் விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், ஆகவே 1/50 அல்லது 1/100. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/120க்கு அருகில். ஃப்ளாஷ் போட்டு இதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எதிரே ஓட்டுநரின் கண் இருக்கிறது.

அறிகுறி: சிவப்பு எஞ்சின் பொம்மை மாதிரி, விவரமே இல்லாமல்

மொத்த ஹிஸ்டோகிராம் (இடது இருட்டு முதல் வலது வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) நன்றாகத்தான் இருக்கும். சிவப்பு நிறத்துக்கான தனி ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் சாச்சுரேஷனையும் ‘விவிட்’ மோடையும் குறையுங்கள். ரா இருந்தால் வெளிச்சத்தை அரை ஸ்டாப் இறக்கினால் தகட்டின் ஆணிகள் திரும்பி வரும். ஜேபெக் மட்டும் இருந்தால் போனது போனதுதான்.

அறிகுறி: வானத்தில் கரும்புள்ளி

எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசி. லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி, வெறும் வானத்தை ஃபோகஸ் விலக்கி எடுத்தால் பட்டியலே வந்துவிடும். முதலில் கேமராவின் சுத்தம் செய்யும் மெனு, அடுத்து கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதி. டப்பாக் காற்று வேண்டாம், உள்ளிருக்கும் திரவம் தெறிக்கும். ஊதியும் அசையாத, எண்ணெய் வளையம் போன்ற புள்ளி என்றால் ஈரத் துடைப்பு தேவை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் சர்வீஸ் சென்டரில் விடுவதே மலிவு.

அறிகுறி: கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் படம் நிற்கவில்லை

கூரையிலிருந்து கம்பம் முளைத்திருக்கிறதா, கடைசிப் பெட்டி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா, முகத்துக்கு முன்னால் ரயில் ஓட இடமே இல்லையா? மூன்றும் அழுத்தும் கணத்தின் தவறு. தொடர் படங்களில் முந்தியதையோ பிந்தியதையோ எடுத்துப் பாருங்கள். நீராவி எஞ்சினுக்கு இன்னொன்று: இணைப்புத் தண்டு கீழே இருக்கும் படமே ரசிகர்களுக்குப் பிடிக்கும். 1.8 மீட்டர் சக்கரம் 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று சுற்றும். நொடிக்குப் பத்துப் படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு மூன்றுதான் கிடைக்கும், ஆகவே ஒன்றாவது கீழே விழுமா என்பது அதிர்ஷ்டம்.

‘இன்னும் கிட்டே போயிருக்கலாமே’ என்று மட்டும் யோசனை சொல்லாதீர்கள். 3 மீட்டர் அகலப் பெட்டி 1435 மி.மீ. பாதையில் ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படி, கண்ணாடி, திறந்த கதவு தனி. ரயில் சிறியதாகத் தெரிந்தால் க்ராப் செய்யுங்கள். போதாவிட்டால் நீண்ட லென்ஸை வாடகைக்கு எடுங்கள். அனுமதியில்லாத இடத்தில் நின்று எடுத்தது என்று தெரியும் படத்துக்கு மதிப்புரையே எழுதாமல் விடுவது நல்லது.

‘இது எடிட் செய்தது’ என்ற சண்டைக்கும் சாட்சிதான் மருந்து. ரயிலின் நிழலும் கம்பத்தின் நிழலும் ஒரே திசையா, துடைத்த மின்கம்பியின் துண்டு எங்காவது தொங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ரா கோப்பைக் கேளுங்கள். கலப்புப் படம் என்றாலே மட்டம் என்றும் ஆகாது. அமெரிக்க ரயில் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1956இல் திறந்தவெளித் திரையரங்கின் பக்கத்தில் ஓடும் நீராவி ரயிலை ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். அந்த ஃப்ளாஷ் வெளிச்சத்தில் திரையிலிருந்த காட்சி வெளுத்துப் போனதால், அதிலுள்ள விமானத்தைப் பிறகு இருட்டறையில் சேர்த்தார். கேட்க வேண்டியது, என்ன சேர்த்தார் என்பதை எடுத்தவர் மறைத்தாரா என்பதைத்தான்.

அறிகுறி: பழைய ஸ்லைடு ஸ்கேன் நீலமாக, கீறலோடு, அல்லது இடவலம் மாறி

எண் பலகை கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் ஸ்லைடைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். எழுத்தே தெரியாத படத்தில் எந்தப் பாதையில் ரயில் ஓடுகிறது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எதிர்ப்பாதையில் ஓட்டுவது எங்கும் நடப்பதுதான். ஸ்லைடையே சாய்ந்த வெளிச்சத்தில் பிடியுங்கள். பளபளப்பான பக்கம் அடித்தாள். மங்கலாக, கோடக்ரோமில் (கோடக்கின் பழைய வண்ண ஃபிலிம்) லேசான மேடுபள்ளத்தோடு தெரியும் பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதிந்த பூச்சு. பளபளப்பான பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரிவதே சரியான இடவலம்.

கோடக்ரோம் ஸ்லைடு (1935 முதல் 2009 வரை விற்றது) நீலமாக வந்தால் ஸ்கேனர் மென்பொருளில் அந்த ஃபிலிமுக்கான ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பெல்லாம் பிசிறாக, கம்பிகள் அறுந்து தெரிந்தால் அகச்சிவப்புத் தூசி நீக்கியை அணையுங்கள். கோடக்ரோமையும் வெள்ளி உள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் அது தூசி என்று நினைத்து அழிக்கும். அணைத்த பிறகு மிஞ்சும் தூசியை ஊதியால் ஊதி, மீதியைத் திரையில் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியதுதான்.

படத்தின் மேலேயே கிளை விட்டதுபோல் பூஞ்சை இருந்தால் தண்ணீர் தொடாதீர்கள், எமல்ஷன் கழன்று வரும். உலர்ந்த இடத்தில் தனியாக வைத்துவிட்டு, ஃபிலிம் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.